பாசியும் இல்லை, டீச்சரும் இல்லை

எங்கள் ஊரில் அவரைப் பாசி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் இருக்கிற இரண்டு சொல்லுக்கும் அவருக்குத் தனித்தனியாகக் கோபம் வரும்.

"பாசி தண்ணியில இருக்கறதுங்க. நான் பார்க்கற செடி தண்ணியை விட்டுத் தரைக்கு வந்துடுச்சு. வந்ததுதான் இதோட பெருமையே. அதைப் போய்ப் பாசின்றீங்களே" என்பார். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு வருவார். "நான் டீச்சரும் இல்லைங்க. டெமான்ஸ்ட்ரேட்டர். லெக்சரர் வாயால சொல்லிட்டுப் போயிடுவார். நான் செஞ்சு காட்டணும்."

இதை அவர் மளிகைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார், மணியார்டர் கொண்டுவந்த தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். நான் வேண்டுமென்றே "வாங்க பாசி டீச்சர்" என்று கூப்பிடுவேன், அதனால். அதுதான் நகைச்சுவை என்று அந்த வயதில் எனக்கு எண்ணம். வயது முப்பத்திரண்டு. சின்னப் பையன், தெரியாமல் பேசிவிட்டான் என்று யாரும் மன்னிக்க முடியாத வயது.

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. அவர் வேலை பார்த்த கல்லூரி பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில் வேறு ஊரில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கல்லூரியில் தாவரவியல் துறைக்குத் தலைவராக இருந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் என் கடையில்தான் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தைரியம் கம்மி. போகப் போக உங்களுக்கே தெரியும்.

முதல் தடவை அவர் என் கடைக்குள் வந்தது படம் எடுக்க அல்ல, சண்டை போட. வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மணப்பெண்ணின் படத்தை வைத்திருந்தேன். அந்தப் பெண் அவருக்குத் தெரிந்தவளாம். நேராக உள்ளே வந்து, அந்தப் பொண்ணுக்கு இடது கன்னத்துல மச்சம் உண்டே, அது எங்கே என்று கேட்டார். மச்சம் கல்யாண வேலையா வெளியூர் போயிருக்குது மேடம், வந்துடும் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இருக்கறதை இல்லைன்னு காட்டறதுக்குப் பேரு உங்க தொழில்ல என்னங்க?" என்றார். ரீடச்சிங் என்றேன். "எங்க தொழில்ல அதுக்குப் பேரு பொய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நியாயமாக நான் அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

இன்னொரு தடவை உள்ளே வந்தவர் என் திரைச்சீலையைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் மலை தெரியும். ஆனால் என் கடைக்கு வருகிற பக்தர்கள் நான் துணியில் எழுதி வைத்திருந்த மலைக்கு முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என் மலையில் அருவி உண்டு, ஊசியிலை மரம் உண்டு, ஓரத்தில் இரண்டு அன்னம்கூட உண்டு. அவர் அந்தத் துணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒவ்வொரு மரமாகக் கையை நீட்டி, இது இந்த மலையில் எந்தப் பக்கம் இருக்கிறது, வாங்க போய்ப் பார்க்கலாம் என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். எனக்கு வேர்த்துவிட்டது.

கோபம் என்றால் பாத்திரத்தை வீசுகிற கோபம் இல்லை. இருப்பதை இருக்கிறபடி விடாத எவரைக் கண்டாலும் அவருக்கு உடம்பு பதறும். அவ்வளவுதான். பதறும்போது பேச்சு வேகமாகும், மூக்கின் நுனி சிவக்கும், கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொள்வார். முழுதாகச் சுற்றி முடிப்பதற்குள் நாம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் அவருடையது. பரம்பரையாக ஜைனர்கள், ஊரில் அவர்களுக்கென்று கோவில் உண்டு. ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது வயலும் நாலைந்து வீடும்தான். அதில் ஒரு வீட்டில் அம்மாவுடன் குடியிருந்தார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். அதனால் எங்கே எந்தச் சண்டையில் இருந்தாலும் ஐந்து மணிக்குச் சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் விட்ட இடத்தில் தொடங்குவார். மழைக்காலத்தில் பச்சை மேல் கால் வைக்கக் கூடாது, அதிலும் உயிர் உண்டு என்று அவர் அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தாராம். மகள் அந்தப் பச்சையை பிளேடால் தாள் மாதிரி சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது அம்மாவுக்கு ஆறாத வருத்தம். "அவங்க சொன்னதாலதாங்க நான் கீழே பார்த்து நடக்கவே கத்துக்கிட்டேன். கீழே பார்த்ததாலதான் இதைக் கண்டேன். இப்ப பார்க்காதேன்னா எப்படிங்க?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். நான் என்ன நீதிபதியா.

அவர் பார்த்தது மலையைச் சுற்றுகிற பாதையில், மேற்குப் பக்கம், மழைத்தண்ணீர் வழிகிற ஒரு பழைய கல்சுவர். அதில்தான் ஊர் பாசி என்று சொன்ன அவருடைய ஈரல்செடி இருந்தது. கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை நாடா மாதிரி சுவரோடு ஒட்டிக்கிடக்கும். இலை கிடையாது, பூ கிடையாது, வேர் என்று சொல்லத் தகுந்த வேரும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அவர் அந்தச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்து, நெற்றி கல்லில் படுகிற மாதிரி குனிந்திருப்பார். கிரிவலம் வருகிறவர்கள் பார்த்தார்கள். படித்த அம்மா ஒருவர் இவ்வளவு பக்தியாகக் கும்பிடுகிறாரே என்று அவர்களும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார்கள். அடுத்த வாரம் அவர் போய்ப் பார்த்தபோது சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள், கற்பூரம் ஏற்றிய கரியும் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு செடியாகக் குங்குமத்தைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு பக்தர், ஏம்மா சாமியைக் கலைக்கிறே என்று சத்தம் போட்டிருக்கிறார். இவர் பதிலுக்குப் போட்ட சத்தத்தில் அந்தப் பக்தர் மீதி மலையை ஓட்டமாகச் சுற்றி முடித்ததாகக் கேள்வி. ஓட்டம் என்பது நான் சேர்த்தது. சத்தம் நிஜம்.

அந்தச் செடியில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மறுநாள் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே கருகிய சுருட்டுத் துண்டு மாதிரி ஏதோ நாலைந்து கிடந்தன. போன கோடையில் சுவரிலிருந்து எடுத்ததாம். என் மேஜையில் ஒரு தட்டில் வைத்து, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்புச் சுருள் அசைந்து, விரிந்து, உள்ளிருந்து பச்சையைக் காட்டியது. என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அப்போது அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு காலத்தில் தரை முழுக்க வெறும் கல். செடி எல்லாம் தண்ணீருக்குள். அங்கிருந்து முதலில் கரையேறியவை இந்த ஈரல்செடியின் வகையறாதான் என்று அவர் தீர்மானமாக நம்பினார். வேரில்லாத ஒரு ஜீவன் வெறும் கல்லில் எதை உறிஞ்சிப் பிழைத்தது? அவர் இந்தச் செடியைச் சீவிப் பார்த்தபோது, செல்லுக்குள்ளே மெல்லிய நூல்கள் கொடி மாதிரி சுருண்டு கிடந்தன. பூஞ்சை. செடி சாகவில்லை, செல் உடையவில்லை, இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. வெளிநாட்டில் கல்லாய் மாறிப்போன ஆதிகாலச் செடிக்குள்ளும் இதே மாதிரி நூல்களைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் செடி தனியாகக் கரையேறவில்லை, பூஞ்சையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் ஏறியது என்பது அவர் கட்சி. இன்றைக்குத் தாவரவியல் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால், ஆமாம், அதற்கென்ன என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு எரிகிறது.

அதற்கென்னவா? அந்த நூல்களுக்காக அவர் ஆறு வருஷம் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதியிருந்தார். அதில் நூல்களைப் பற்றிய அத்தியாயம்தான் உயிர். துறைத்தலைவர்தான் அவருக்கு வழிகாட்டி. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது. அவரோ, அது வெறும் அழுகல் அம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சுவரிலிருந்து பிய்த்து, ஈரத்துணியில் சுற்றி, ஒரு மணி நேரம் பஸ்ஸில் கொண்டு வந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும் என்பது அவர் வாதம். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இவர் மாட்டேன் என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். செடியைப் பிய்த்த கையோடு திருவண்ணாமலையிலேயே சீவி, அந்த நிமிஷமே மைக்ராஸ்கோப் வழியாகப் போட்டோ எடுக்க வேண்டும். அதில் நூல் தெரிந்தால் அத்தியாயம் இருக்கலாம். தெரியாவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

கல்லூரி மைக்ராஸ்கோப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக் கொண்டுவந்தார். ஊரில் இருந்த மூன்று ஸ்டூடியோவில் என்னைத் தேர்ந்தெடுத்த காரணம், மற்ற இருவரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் எதற்கும் முடியும் என்று சொல்கிற ஆள். மரக்கட்டையில் ஒரு தாங்கி அடித்து, காமிராவை மைக்ராஸ்கோப்பின் கண்ணுக்கு மேல் கவிழ்த்துப் பொருத்தினேன். அவர் விடியற்காலையில் சுவருக்குப் போய்வந்து என் மேஜையிலேயே சீவினார். நீலச் சாயம் விட்டார். ஒரு ரோல் முழுக்க எடுத்தோம். பிரிண்ட் போட்டு உறையில் வைத்து ஒட்டி, புதன்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் நேராகத் துறைத்தலைவர் மேஜைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவில் தான் பார்த்தால், தான் ஏதோ செய்துவிட்டதாகத் துறைத்தலைவர் சொல்வார் என்பதற்காக இந்த ஏற்பாடு. அவருடைய நேர்மையைப் பாருங்கள். அது யார் கையில் மாட்டியது என்பதையும் பாருங்கள்.

அன்று மாலை நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். படம் முழுக்க, கட்டம் கட்டமாக இருந்த செல்லுக்குள் எல்லாம், மெல்லிய வெள்ளை நூல்கள் சுருண்டிருந்தன.

போட்டோக்காரனுக்கு மழைக்காலம் என்றால் பூஞ்சை. லென்ஸில் பிடிக்கும், ஃபிலிமில் பிடிக்கும். போன வருஷம்தான் ஒரு முழுக் கல்யாணமே எனக்குப் பூஞ்சையில் போய், பெண் வீட்டார் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஃபிலிமில் மெல்லிய நூலைப் பார்த்தால் என் புத்திக்கு ஒரே அர்த்தம்தான். நூல், நூல் என்று அவர் என்னிடம் மணிக்கணக்கில் சொன்னது எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அவர் சொன்ன நூல் நீலம். என் கையிலிருந்தது வெள்ளை. நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத்தான் தெரியும் என்பது பதினைந்து வருஷமாக அதே தொழில் செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது எதுவும் உதவாது. ஃபிலிம் கெட்டுவிட்டது என்று அந்த அம்மாவிடம் சொல்லி, கைப்பை வாரை அவர் முழுதாகச் சுற்றி முடிப்பதை நிற்கவைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உட்கார்ந்தேன். நெகட்டிவ் மேல் மருந்து தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால், அந்த வெள்ளை நூல்களை ஒவ்வொன்றாக மூடினேன். மச்சத்தை மறைக்கிற அதே வித்தை. இரண்டு பகல் பிடித்தது. எட்டுப் படத்தைச் சுத்தம் செய்தேன். என் தொழிலில் அவ்வளவு நுணுக்கமாக நான் எதையும் செய்ததில்லை. பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு செல்லும் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை. புதன்கிழமை கண்டக்டரிடம் கொடுத்தேன். பத்திரம், மடக்கிடாதீங்க என்று வேறு சொன்னேன்.

துறைத்தலைவர் உறையை எல்லார் முன்னிலையிலும் பிரித்தாராம். படத்தைக் கையில் எடுத்து, உங்க ஊர் போட்டோக்காரர் நல்ல வேலைக்காரர் அம்மா, ரொம்பத் தெளிவா எடுத்திருக்கார், நூல் ஒண்ணும் இல்லையே என்றாராம்.

மறுநாள் மதியம் இவர் என் கடைக்கு வந்தார். கல்லூரிக்குப் போகவில்லை. நெகட்டிவ் வேண்டும் என்றார், கொடுத்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் தடவிய இடம் அப்படிச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும்.

"இது என்னங்க?"

ஃபிலிமில் பூஞ்சை பிடித்துவிட்டது, அதைத்தான் சரிசெய்தேன் என்றேன்.

அவர் கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். குரலே எழவில்லை. "செடிக்குள்ள இருந்ததுங்க அது" என்றார்.

அன்றைக்கு அவர் வாரைச் சுற்றவில்லை. டர்பன்டைன் வாங்கி, பஞ்சை நனைத்து, என் இரண்டு நாள் உழைப்பையும் அவரே துடைத்தார். நூல்கள் இருந்தபடியே இருந்தன. அவர் நிற்கும்போதே புதிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இதோடு முடிந்திருந்தால் இது வெறும் என் முட்டாள்தனத்தின் கதை. இதை எழுதவே வேண்டாம்.

துறைத்தலைவர் இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே நெகட்டிவில் ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை, எது டச்சப், எது நிஜம் என்று நான் எப்படி நம்புவது என்றார். அழித்தவன் வரைந்தும் இருக்கலாமே என்றார். கேள்வி சரியான கேள்விதான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். பக்கத்து மேஜையில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, திருவண்ணாமலைக்குப் பஸ் இருக்கிறது, மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மனிதர் ஒருநாள் வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்திருந்தால் போதும். குனியமாட்டார். பிரிண்டைத்தான் பார்ப்பார். படித்தவர்.

போட்டோக்காரரையே கூட்டி வருகிறேன், அவர் வாயால் கேளுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். என்னை வந்து அழைத்தார். கெஞ்சவில்லை. செஞ்சதைச் சொன்னாப் போதுங்க, ஜாஸ்தி ஒண்ணும் வேணாம் என்றார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். துறைத்தலைவர், நாலைந்து லெக்சரர்கள், ஓரமாக இவர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு மரியாதையாக உட்காரவைத்தார்கள். நான் எட்டாவது ஃபெயில். இத்தனை பட்டதாரிகள் என் முகத்தையே பார்ப்பது எனக்குப் புதிது.

"சொல்லுங்க, நீங்க இதை அழிச்சீங்களா, வரைஞ்சீங்களா?" என்றார் துறைத்தலைவர்.

அழிச்சேன் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சார், நான் கை வெச்சா மாப்பிள்ளைக்குப் பத்து வயசு குறையும். செடிக்கு எத்தனை குறைஞ்சுதுன்னு அதைத்தான் கேக்கணும்" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. ஒரு லெக்சரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாம்மா, இவர்தான் உங்க சாட்சி" என்றார். பிறகு, இல்லை சார், நிஜமா நான் அழிச்சேன் சார் என்று மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் சிரிப்பு ஜாஸ்தியாயிற்று. எனக்கு டீ வரவழைத்தார்கள். குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், குடித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் பெண்கள் சீட்டில் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தியாயத்தை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கையெழுத்தும் விழவில்லை. பதிவுக்காலம் முடிந்து ஆய்வேடு செல்லாததாயிற்று. அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் லெக்சரர் ஆகி, வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இவர் டெமான்ஸ்ட்ரேட்டராகவே பிளேடு பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒருமுறை தனியாகப் போய்த் துறைத்தலைவரைப் பார்த்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முயன்றேன். வாங்க வாங்க, இன்னிக்கு என்ன ஜோக் என்றார். அதை இவரிடம் சொன்னதற்கு இவருக்குக் கோபம். எனக்காகப் போய்ப் பேசச் சொல்லி உங்களை யாருங்க கேட்டது என்றார். ஒரு வருஷம் பேசாமலிருந்தவர் அந்தக் கோபத்தில்தான் என்னோடு மறுபடி பேசத் தொடங்கினார். அந்த வகையில் அது லாபம்.

பஸ்ஸில் வந்தால் செடி அழுகிப்போகும் என்ற துறைத்தலைவரின் வாதத்தை மட்டும் அவர் சும்மா விடவில்லை. சுவரிலிருந்து மண்ணோடு செடியைப் பெயர்த்துப் போய், கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண் தொட்டியில் வைத்தார். இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்த்து, அது அங்கேயே பரவிய பிறகு அதைச் சீவிப் பார்த்தார். நூல் இருந்தது. துறைத்தலைவரிடம் சொன்னார். அந்தப் பேச்சுதான் முடிஞ்சு போச்சேம்மா என்றாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பட்டப்படிப்பின் செய்முறைத் தேர்வு. வரிசையாக மைக்ராஸ்கோப் வைத்திருப்பார்கள், மாணவர்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, தெரிவதை வரைந்து, பாகம் குறிக்க வேண்டும். எதில் எதை வைப்பது என்று தயார் செய்வது டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. அவர் அன்று காலை தொட்டியிலிருந்து சீவிய ஈரல்செடியை ஒன்றில் வைத்தார். வேண்டுமென்றே வைத்தீர்களா என்று பிறகு கேட்டதற்கு, "பட்டியல்ல ஈரல்செடின்னு இருந்தது. ஈரல்செடியை வெச்சேன். வேற எதை வெக்கணும்?" என்று சீறினார்.

துறைத்தலைவரும் வெளியூரிலிருந்து வந்த ஒரு தேர்வாளரும் விடைத்தாள் திருத்தினார்கள். மூன்று பேர் செல்லுக்குள் நூல் வரைந்திருந்தார்கள். துறைத்தலைவர் மூன்றையும் சிவப்பில் அடித்து முட்டை போட்டார். மதிப்பெண் பட்டியலை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக வந்த இவர் அதைப் பார்த்துவிட்டார். பட்டியலைத் தரமாட்டேன் என்று கையோடு பிடித்துக்கொண்டார். பிள்ளைங்க இருக்கறதை வரைஞ்சிருக்காங்க, அதுக்கு முட்டையா என்று கேட்ட சத்தம் வராந்தாவரை கேட்டதாம். வெளியூர்த் தேர்வாளருக்கு முன்கதை எதுவும் தெரியாது. எதற்கு இவ்வளவு சண்டை, பார்த்தால் போச்சு என்று எழுந்து போய்க் குனிந்தார். வெகு நேரம் குனிந்திருந்தார்.

"எப்ப சீவினதும்மா?"

"காலையில சார். பின்னாடி தொட்டியில இருந்து."

"செல் எல்லாம் முழுசா இருக்கு. உள்ளே நூல் நல்லாத் தெரியுது சார்" என்றார் அவர், துறைத்தலைவரைப் பார்த்து.

சிவப்புக் கோட்டை அடித்துத் திருத்தி மூன்று பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார்கள். கீழே இருவர் கையெழுத்தும். ஆறு வருஷ ஆய்வேட்டுக்குக் கிடைக்காத அந்தக் கையெழுத்து, மூன்று மாணவர்கள் பென்சிலால் கிறுக்கிய நூலுக்குக் கிடைத்தது.

மறுநாள் மாலை நாலரைக்கு என் கடைக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது நான் துள்ளிவிட்டேன். ஜெயிச்சுட்டீங்க மேடம் என்று எதிர்க்கடையிலிருந்து சோடா வரவழைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மூக்கின் நுனி சிவந்திருந்தது.

"என்னத்தை ஜெயிச்சதுங்க? இருபத்து மூணு பேரு குனிஞ்சு பார்த்தாங்க. மூணே பேருதான் வரைஞ்சாங்க. மீதி இருபது பேரும் புக்குல இருக்கற படத்தை மனப்பாடமா போட்டுட்டு வந்துட்டாங்க. சுத்தமா, ஒரு நூல் இல்லாம. அத்தனை பேருக்கும் மூணு வருஷமா நான்தாங்க செஞ்சு காட்டினேன். அப்ப நான் என்னத்தை செஞ்சு காட்டினேன்?"

அந்தக் கோபத்துக்கு எதிரில் ஆள் இல்லை. தன் மேலேயே பட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இருபதோட என்னையும் சேர்த்து இருபத்தொண்ணா வெச்சுக்குங்க மேடம் என்றேன். ஜோக்காகச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை.

அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வெளியே வெயிலைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார். படி இறங்கப் போனவர் நின்று, முதல் தடவையாக, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"அந்தப் பிள்ளைங்க பார்க்கலை. நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டு அழிச்சீங்க. உங்களை அதுங்களோட சேர்த்துக்காதீங்க."

வேங்கிக்கால் பக்கம் நடந்து போனார்.